துரைக்கண்ணுவின் முழங்கை

ஜோதிமலை வரைகிற துரைக்கண்ணுவுக்கு
முழங்கை மடங்காது.
என் முதல் புகார் அதுதான்.
பதினேழாம் பக்கம், மூன்றாம் கட்டம்:
ஓடும் ரயிலின் கூரைமேல்
திருடனைத் துரத்துகிறான் ரயில்வே போலீஸ்,
பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் போல.

முன்பு வரைந்தவர் கையில்
அவன் ஓடினால் சட்டைக்குள் காற்று ஓடும்.
ஒரே இழுப்பில் முதுகு.
தொப்பி விளிம்புக்கு மயிரிழை போல ஒரு கோடு.
இவரோ
சிந்திய மையைத் துடைக்க மறந்து
அதற்குக் கால் வைத்து அனுப்புகிறார்.

தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் என் பிளெக்ஸ் கடை.
மெஷின் ஒரு காதணி விழாவைத்
துப்பிக்கொண்டிருக்க
நூருல்லா பையிலிருந்து புது இதழை எடுக்கிறான்.
பென்னாகரம் வண்டியின் கண்டக்டர்.
டிக்கெட்டை எச்சில் தொட்டுக் கிழிப்பவன்
இந்தப் பக்கங்களை மட்டும்
கைகழுவிவிட்டுப் புரட்டுவான்.

இரண்டு வருஷச் சண்டை இது.
ஒருமுறை பத்து நாள் பேச்சில்லை;
அவன் வண்டியிலேயே ஏறினேன்,
சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.

"நிழலைப் பாரு" என்கிறான்.
"பார்த்தேன். வெயிலும் கிழக்கே, நிழலும் கிழக்கே."
"பயந்தவன் நிழல் எந்தப் பக்கம் விழும்னு
நீ போய் அளந்தியா?"
"சரி, குதிரைக்கு ஏன் அஞ்சு கால்?"
"அது வாலு."
கொஞ்சம் உற்றுப் பார்த்து,
"குதிரை அவருக்கு வராது. விடு."

ரூபாவதி வந்தது
தங்கச்சி வளைகாப்புக்குப் பேனர் சொல்ல.
அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர்.
சாட்சி தானாக நடந்து வருகிறதே என்று
பக்கத்தைத் திருப்பி நீட்டினேன்:
"எலும்பு தெரிஞ்சவங்க நீங்க, சொல்லுங்க,
இப்படி ஒரு கை உலகத்துல உண்டா?"

கைப்பழக்கம்,
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
பின்பக்கத்துச் சந்தா விளம்பரமும்
துரைக்கண்ணுவின் வயிற்றில் தெரிந்தது.

"விரல் தப்பு."
நூருல்லாவைப் பார்த்தேன்.
"மணிக்கட்டு தப்பு. கழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னே புரியல."
நன்றாகவே பார்த்தேன்.
"முழங்கை சரி."

மெஷின் நின்றது, மை தீர்ந்து.

"மாசம் நாலஞ்சு பேராவது வர்றாங்க,
பாலக்கோட்டுப் பக்கம், காரிமங்கலத்துப் பக்கம்.
போர் தண்ணி குடிச்சே வளர்ந்தவங்க.
நீட்டுங்கன்னா இவ்வளவுதான் நீளும்.
மடக்குங்கன்னா இவ்வளவுதான்.
படத்துல எலும்பு
சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா, தடியா.
பின்னாடி கூப்பிட்டா
தலை திரும்பாது. ஆளே திரும்புவாரு."

நூருல்லா பாய்ந்து அடுத்த பக்கம் புரட்டினான்.
திருடன் விசிலடிக்க
துரைக்கண்ணு திரும்புகிறான்,
மொத்தமாக,
பஸ் ஸ்டாண்டில் வண்டி ரிவர்ஸ் எடுப்பதுபோல்.

"இவரு எந்த ஊரு?"
யாருக்கும் தெரியாது.
ஓரத்தில் ஒரு 'ஜோ', தூண்டில் முள் மாதிரி.
"நம்ம பக்கம்தான்" என்கிறான் நூருல்லா.
"வரையத் தெரியாதவன் எல்லாப் பக்கமும் இருக்கான்" என்றேன்.

சிரித்தார் ரூபாவதி.
பல்லில் அந்தப் பழுப்புக் கோடுகள்.
நூருல்லாவுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.
பேனரில் ஊர்ப் பல்லை எல்லாம்
ஒரு சொடுக்கில் வெளுத்துக் கொடுப்பவன் நான்;
அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

போட்டோவை அனுப்பிவிட்டு
வாசல் வரை போனவர் திரும்பினார்:
"தங்கச்சி பல்லு கொஞ்சம் பாத்துக்குங்க."
தலையாட்டினேன்.
நூருல்லா எதுவும் சொல்லவில்லை,
சொல்லியிருக்கலாம்.

கடைசி வண்டிக்கு அவன் ஓடிய பிறகு
இதழ் மேஜையில் கிடந்தது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பதினேழாம் பக்கத்தை எடுத்தேன்.
குதிரை இல்லாத பக்கம் அது.
முழங்கையைப் பார்க்கவில்லை.
ரயிலின் கூரை,
ஆணி ஆணியாகச் சூடேறிய தகரம்,
அதில் கால் வைக்கத் தயங்கும் பூட்ஸ்.

நன்றாகத்தான் இருக்கிறது.
அவனிடம் சொல்லப்போவதில்லை.